நாய் இனத் தடைச் சட்டங்கள்: சேலம், நாமக்கல் சமவெளி

ஆபத்தான நாய்களுக்கான சட்டங்கள் என்பவை மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய நாய்களை வளர்ப்பது, விற்பது, பொது இடத்துக்குக் கொண்டுவருவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகள். இவை இரு வகைப்படும். ஒரு வகை, நாய் எந்த இனமாக இருந்தாலும் அதன் செயலுக்கு வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவது. மற்றொரு வகை, குறிப்பிட்ட இனங்களையே பெயர் சொல்லித் தடை செய்வது. இந்தியாவில் முதல் வகைச் சட்டம் 1862 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுவதற்குமான இரண்டாம் வகை முயற்சி 2024-ல் நடந்தது. அது சில வாரங்களில் நீதிமன்றங்களில் ரத்தானது.

சேலம், நாமக்கல் சமவெளி ஆடு வளர்ப்பையும் கோழிப்பண்ணைகளையும் நம்பி வாழும் பகுதி. இங்கே நாய் முதலில் காவல் விலங்கு. வளர்ப்புப் பிராணி என்பது அதற்குப் பிறகு வந்த நிலை. நாய் பற்றிய சட்டங்கள் எதைக் கண்டன, எதைக் காணவில்லை என்பதை இப்பகுதியின் வரலாற்றிலிருந்து அறியலாம்.

காவல் நாய்

சேலம் வட்டாரத்துக்கு உரிய கால்நடை இனங்கள் மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும். மேச்சேரிச் செம்மறிக்கென பொட்டனேரியில் அரசு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக் கிடை போடுவது இச்சமவெளியின் பழைய வழக்கம். இரவில் திறந்த வெளியில் அடைபட்டிருக்கும் மந்தைக்கு நரியிடமிருந்தும் திருடரிடமிருந்தும் காவல் பட்டி நாய்தான். ஊரிலிருந்து விலகிய தோட்டத்து வீடுகளிலும் காட்டுக் கொட்டாய்களிலும் நாய் இல்லாத வாசல் அரிது. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் பெருகியபோது அங்கும் நாய்கள் காவலுக்கு வந்தன.

அன்னியரைக் கடிக்கும் நாய் இந்த வாழ்க்கையில் குற்றவாளி அல்ல. அது தன் வேலையைச் செய்த நாய். இந்த மதிப்பீட்டுக்குப் பழைய சான்று சேலத்துக்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். வீரன் இறந்தபின் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு தெரிவிக்கிறது. கடித்ததற்காக ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் பொறித்த ஊர்ப்பகுதி இது.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டு நாய் இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென்மாவட்டங்களைச் சேர்ந்தவை. சேலம், நாமக்கல் பகுதியில் பெரும்பான்மை தனிப்பெயர் இல்லாத நாட்டு நாய்களே. பின்னாளில் வந்த எந்த இனப் பட்டியலிலும் அவை இடம்பெறவில்லை.

ஆங்கிலேயர் காலச் சட்டங்கள்

1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. நாய் வளர்ப்பவரின் பொறுப்பைப் பற்றிய எழுதப்பட்ட சட்டம் இங்கு வர மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1860-ல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு அச்சட்டம். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய பாதுகாப்புச் செய்யத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடமளித்தது. அதில் நாய் என்ற சொல்லே இல்லை. மாடு, குதிரை, யானை, நாய் எல்லாம் அதில் அடங்கும். விலங்கின் இனம் அங்கே கேள்வியாகவில்லை. வளர்ப்பவரின் கவனக்குறைவே கேள்வி.

அப்பிரிவு மனித உயிரையும் மனித உடலையும் மட்டுமே காக்கிறது. நாய் ஆட்டைக் கொன்றால் அது 289-ஆம் பிரிவுக்குள் வராது. இதே காலத்தில் இங்கிலாந்தில் நிலைமை வேறு. ஆட்டையும் மாட்டையும் நாய் கொன்றால், அந்த நாய் முன்பே மூர்க்கமானது என்று நிரூபிக்கத் தேவையின்றி உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும் என்று 1865-லும் பிறகு 1906-லும் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவுக்கு அது வரவில்லை. இங்கே வந்தது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பிறர் பயிரை மேய்ந்த மாட்டையும் ஆட்டையும் பவுண்டில் அடைத்து அபராதம் வாங்குவதற்கான சட்டம் அது. அதன் விலங்குப் பட்டியலில் யானை முதல் ஆட்டுக்குட்டி வரை உண்டு, நாய் இல்லை. ஆடு பயிரைத் தின்றால் சட்டம் உண்டு, நாய் ஆட்டைத் தின்றால் சட்டம் இல்லை என்ற நிலை இவ்வாறு உருவானது.

சேலம் நகராட்சி 1866-ல் தொடங்கப்பட்டது. நகராட்சிகளுக்கு நாய் என்பது முதன்மையாகச் சுகாதாரப் பிரச்சினை. சென்னை மாகாணத்தின் நகராட்சிச் சட்டங்கள் தெருவில் திரியும் நாய்களையும் பன்றிகளையும் அழிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு அளித்தன. நாய்களைக் கொல்வது எல்லா இடத்திலும் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. 1832-ல் பம்பாயில் நாய்களைக் கொல்லும் உத்தரவுக்கு எதிராகப் பார்சிகள் திரண்டு கலவரமே மூண்டது. ஆனாலும் நகரங்களில் அந்த முறை நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது.

வெறிநாய்க்கடி அச்சம்

நாயைப் பற்றிய அச்சத்தின் மையம் நீண்ட காலம் அதன் பல்லின் வலிமை அல்ல, ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய். நோய்க்குறி தெரிந்தபின் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. லூயி பாஸ்டர் 1885-ல் தடுப்பூசியை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தினார். இந்தியாவில் அதற்கான முதல் நிலையம் 1900-ல் இமயமலை அடிவாரக் கசௌலியில் அமைந்தது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902-ல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் ரேபிஸால் இறந்தது, தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை வலுவாக்கியது. 1907-ல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

அதன்பின் சேலம் சமவெளியில் கடிபட்டவருக்கு ரயிலிலும் மலை ரயிலிலும் சென்றடையும் தொலைவில் சிகிச்சை கிடைத்தது. குன்னூரில் தயாரான நரம்புத் திசுத் தடுப்பூசி பின்னர் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்தது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட அந்த ஊசிகளின் நினைவு முதியவர்களிடம் இன்றும் உண்டு. 2000-களின் நடுப்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டு, கையில் போடும் நவீனத் தடுப்பூசிகள் வந்தன.

ரேபிஸ் இனம் பார்த்து வருவதில்லை. தடுப்பூசி போடாத எந்த நாயும் அதைப் பரப்பலாம். தமிழ்நாட்டில் 2024-ல் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகளும் 43 ரேபிஸ் மரணங்களும் பதிவாயின. 1985-ல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்பகுதி நாய்களுக்கான முக்கிய மருத்துவ மையமாக உள்ளது.

கொல்வதிலிருந்து கருத்தடைக்கு

தெருநாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறைவதில்லை என்ற வாதத்தைத் தமிழ்நாட்டில் முன்வைத்தது 1959-ல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்திய புளூ கிராஸ் அமைப்பு. 1964 முதல் அது கருத்தடை முறையை வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி 1996-ல் கொல்வதை நிறுத்திக் கருத்தடை முறைக்கு மாறியது. 2001-ல் மத்திய அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. அதன்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2023-ல் புதிய விதிகள் இவற்றின் இடத்துக்கு வந்தன.

இந்த மாற்றத்தால் நகராட்சிகளின் பழைய அழிக்கும் அதிகாரம் செயலற்றுப் போனது. புதிய பொறுப்பை நிறைவேற்ற அறுவைக்கூடமும் கால்நடை மருத்துவரும் நாய் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்களும் தேவை. மாநகராட்சிகளில் இவற்றை ஏற்படுத்துவது எளிது. சிறிய பேரூராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அது பெரும் செலவு. கொல்லும் அதிகாரம் போனது, கருத்தடை வசதி முழுமையாக வரவில்லை என்ற இடைவெளி கிராமப்புறங்களில் நீடித்தது.

இனப் பெயரில் தடை

இனத்தைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டங்களில் உலக அளவில் அதிகம் பேசப்பட்டது பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கையும் அது கட்டுப்படுத்தியது. பின்னர் எக்ஸ்எல் புல்லி வகையும் சேர்க்கப்பட்டு, 2024 பிப்ரவரி முதல் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றமானது. நெதர்லாந்து 1993-ல் பிட்புல் தடையைக் கொண்டுவந்து, நாய்க்கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008-ல் நீக்கியது.

இத்தகைய சட்டங்களின் அடிப்படைச் சிக்கல் இனத்தை அடையாளம் காண்பது. பிட்புல் என்பது ஒரே வரையறைக்குள் அடங்கும் இனம் அல்ல, பல இனக் கலப்புகளுக்கான பொதுப்பெயர். எனவே பிரிட்டனில் நாயின் வம்சாவளியைப் பார்க்காமல் உடல் அளவுகளைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். சாதுவான நாய் தோற்றத்தால் சிக்குவதும், கடிக்கும் நாய் பட்டியலில் இல்லாததால் தப்புவதும் இதனால் நேர்கின்றன.

இந்தியாவில் இக்கோரிக்கை நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து எழுந்தது. 2022 ஜூலையில் லக்னோவில் வீட்டில் வளர்த்த பிட்புல் ஒரு மூதாட்டியைக் கொன்றது. அதே ஆண்டு அக்டோபரில் காசியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகியவற்றைத் தடை செய்யத் தீர்மானித்தது.

2024 சுற்றறிக்கை

ஆபத்தான இனங்களைத் தடை செய்யக் கோரிய மனு ஒன்றில், மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்குமாறு 2023 டிசம்பர் 6 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இதைத் தொடர்ந்து மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2024 மார்ச் 12 அன்று எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. மூர்க்கமானவை என்று பட்டியலிட்ட 23 இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் விற்பனை, வளர்ப்பு உரிமம் வழங்கக் கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று அது கூறியது.

பட்டியல் அவசரத்தில் தயாரானது என்பதற்கு அதிலேயே தடயங்கள் இருந்தன. டோசா இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் வந்தது. 'டெரியர்கள்', 'மாஸ்டிஃப்கள்' என்று மொத்தக் குழுக்களே இனங்களாகக் குறிக்கப்பட்டன. டெரியர் குழுவில் மடியில் வைத்துக் கொஞ்சும் சிறு நாய்களும் அடக்கம். இந்தியாவில் பலரும் கேள்விப்படாத துருக்கி, பால்கன் நாட்டு மந்தைக்காவல் இனங்களும் இடம்பெற்றன. இந்திய நாட்டினம் ஒன்றுகூட இல்லை.

சட்ட அடிப்படை அதைவிட வலுவற்றது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி மத்திய அரசு விதிகள் வகுக்கலாம். ஆனால் வரைவை முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, அரசிதழில் அறிவிக்க வேண்டும். இங்கே விதி எதுவும் வகுக்கப்படவில்லை, சுற்றறிக்கை மட்டுமே வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று அதை ரத்து செய்தது. நாய் யாரையாவது காயப்படுத்தினால் முழுச் சிகிச்சைச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் வளர்ப்பவரே பொறுப்பு என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. ஏப்ரல் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றமும் சுற்றறிக்கையை விலக்கி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கச் சொன்னது.

தமிழ்நாட்டில்

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். வழக்குப் பதிய உதவியது இனத் தடை அல்ல, 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு. அதே மாதத்தில் தமிழக கால்நடை பராமரிப்புத் துறை 23 இனங்களுக்கும் தடை என அறிவித்தது. அதற்கு அடிப்படையான மத்திய சுற்றறிக்கை முன்பே ரத்தாகியிருந்ததால் அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இனங்களைப் புதிதாக வளர்க்கத் தடை விதித்து, மீறுவோருக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் அறிவித்தது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் நாயை வெளியே கொண்டுவரும்போது சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயமாயின. இது சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மட்டுமே செல்லும். 1994-ல் மாநகராட்சியான சேலத்துக்கும் 2024-ல் மாநகராட்சியான நாமக்கல்லுக்கும் அது பொருந்தாது.

இதனிடையே 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை வேறொரு பட்டியலைத் தந்தது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மாலமூட், பக், பிரெஞ்சு புல்டாக், சௌ சௌ உள்ளிட்ட 11 இனங்களின் இனப்பெருக்கத்துக்கு அது தடை சொன்னது. இவை ஆபத்தானவை என்பதால் அல்ல. பனிநாட்டு அடர்ரோமமும் தட்டை மூக்கும் கொண்ட இந்நாய்கள் இங்குள்ள வெப்பத்தில் துன்புறுகின்றன என்பதே காரணம். சித்திரை வெயிலில் சேலத்தில் ஒரு ஹஸ்கியைப் பார்த்தவருக்கு அதன் பொருள் விளங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டினங்களைப் பாதுகாப்பதும் கொள்கையின் நோக்கம். மனிதரை நாயிடமிருந்து காக்கும் பட்டியலும், நாயை மனிதரின் ஆசையிலிருந்து காக்கும் பட்டியலும் ஒரே ஆண்டில் வெளிவந்தன.

பட்டியும் தெருநாயும்

மேற்கு மாவட்டங்களில் நாயைப் பற்றிய முதன்மைப் புகார் வேறு. 2024, 2025 ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கொன்றன. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தனர். அதே வகை மேய்ச்சலும் பட்டியும் உள்ள சேலம், நாமக்கல் சமவெளிக்கும் இது பொதுவான அச்சம். ஓர் இரவில் பத்து ஆடுகள் இறந்தால் சிறு விவசாயிக்கு அது ஓராண்டு வருமானத்தின் இழப்பு.

இங்கே எந்தப் பட்டியலும் உதவுவதில்லை. கடித்த நாய்க்கு இனப் பெயர் இல்லை, உரிமையாளரும் இல்லை. 289-ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு அபராதத்தை 5,000 ரூபாயாக உயர்த்தியதே தவிர, அதுவும் மனித உயிரையும் கொடுங்காயத்தையும் மட்டுமே குறிப்பிடுகிறது. போராட்டங்களுக்குப் பின் 2025-ல் தமிழ்நாடு அரசு தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு அறிவித்தது. ஆட்டுக்காக 1865-ல் இங்கிலாந்தில் சட்டம் செய்ததை, இங்கே 160 ஆண்டுகளுக்குப் பின் நிவாரணம் என்ற பெயரில் அரசு தன் கையிலிருந்து கொடுத்தது. இரண்டும் ஒன்றல்ல. அங்கே பொறுப்பு நாய் வளர்ப்பவருடையது. இங்கே நாய்க்கு வளர்ப்பவர் இல்லாததால் செலவு அரசுடையது.

இன்றைய நிலை

2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாய்களைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் அதே இடத்தில் விடலாம், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்று கூறியது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும் உத்தரவிட்டது. இவ்வுத்தரவுகள் நாயின் இனத்தைப் பார்க்கவில்லை. அது இருக்கும் இடத்தையும் அதன் நடத்தையையும் பார்த்தன.

நூற்றறுபது ஆண்டுகளில் இச்சமவெளிக்கு வந்த நாய்ச் சட்டங்களில் நிலைத்தவை இரண்டு: வளர்ப்பவர் பொறுப்பு, தடுப்பூசி. இரண்டுமே இனம் கேட்பதில்லை. இனத் தடை, வீட்டுக்குள் வலிமையான அயல்நாட்டு நாயை வளர்க்கும் நகரத்தின் சிக்கலுக்கு எழுந்த விடை. பெயரில்லாத நாட்டு நாய் காவலும் காத்து, கைவிடப்பட்டால் கூட்டம் சேர்ந்து ஆட்டையும் கொல்லும் ஊரில் அந்த விடை பொருந்துவதில்லை. தோட்டத்தில் ஈன்ற குட்டிகளைக் கருத்தடையும் தடுப்பூசியும் இல்லாமல் ஊர் எல்லையில் விட்டுவிடும் வழக்கத்துக்கும், ஊராட்சி அளவில் இல்லாத கருத்தடை வசதிக்கும் விடை கிடைக்காதவரை, பட்டியில் இறக்கும் ஆட்டுக்கு நிவாரணம் உண்டு, பொறுப்பேற்பவர் இல்லை.